எல்டன் ரிங்: கறுப்புக் கத்தி இரவில் மரிகாவுக்குப் பங்கு இருந்ததா?

முத்தையன்கட்டு_வாய்க்கால்:

இந்தக் குழுவில் எல்டன் ரிங் கேமின் கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த உலகத்தின் தெய்வ அரசி மரிகாவில்தான் வந்து நிற்கிறது. தன் மகன் கொட்வினைக் கொல்லச் சொன்னது மரிகா, கொலையாளிகளை அனுப்பியது மரிகா, மரணத்தின் சக்தி அடங்கிய மரண ரூனைக் களவெடுக்க வழிவிட்டதும் மரிகா. போன கிழமை புதிதாக விளையாடத் தொடங்கிய ஒரு தம்பி கேட்டபோதும் இதையே முடிந்த முடிவாகச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆறுதலாக எழுதுகிறேன், வாசித்துவிட்டு ஆதாரத்தோடு மறுத்து எழுதுங்கள்.

டிஎல்சி (கேமுக்குப் பிறகு வந்த கூடுதல் பகுதி) முடிக்காதவர்கள் இதற்கு மேல் வாசிக்க வேண்டாம்.

கொட்வின் செத்த கறுப்புக் கத்தி இரவைப் பற்றிக் கேம் உறுதியாகச் சொல்வது கொஞ்சம்தான். மலிகெத் என்ற மிருகத்தின் காவலில் இருந்த மரண ரூனில் ஒரு துண்டு களவு போனது. அதன் சக்தியைச் சடங்கு செய்து கத்திகளில் ஏற்றினார்கள். அந்தக் கத்திகளோடு போன பெண்கள் கொட்வினைக் கொன்றார்கள். டெமிகொட்களில் (அரைத் தெய்வங்களில்) முதலில் செத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு உலகின் ஒழுங்கைத் தாங்கிய எல்டன் ரிங் உடைந்தது, மரிகாவின் பிள்ளைகள் துண்டுகளுக்காக அடிபட்டார்கள்.

என் கணக்கில் இதைச் செய்தவள் கரியன் இளவரசி ரன்னி, அவளுக்கு எதிரான சான்று மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்றும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருட்கள். லியூர்னியாவில் கறுப்புக் கத்தி நிலவறையில், போலிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் கொலையாளியை விழுத்தினால் கத்தித் தடம் கிடைக்கும். அதை மந்திரவாதி ரொஜியேயிடம் கொடுத்தால், கத்திக்குச் சடங்கு செய்தவள் ரன்னி என்று கண்டுபிடித்துச் சொல்கிறான். ரன்னியிடமே போய்க் கேட்டாலும் அவள் மறுப்பதில்லை.

இரண்டாவது, சாபக் குறி. இதை எடுக்கப் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரியன் படிப்பு மண்டபத்தில் சிலையை வைத்துக் கட்டடத்தையே தலைகீழாகத் திருப்ப வேண்டும். அப்புறம் முகடு நிலமாகிவிடும். உத்தரங்களில் குதித்துக் குதித்துப் போய், பாலத்தில் நிற்கும் கொட்ஸ்கின் பாஸை முடித்து, லியூர்னியாத் தெய்வக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறினால் அங்கே கருகிப்போன உடல் ஒன்று கிடக்கும். அது ரன்னியின் உடல். நாங்கள் கதைக்கும் பொம்மை அல்ல, அவள் கழற்றி எறிந்த சதை. அதில் பதிந்த பூரான் வடிவக் குறி அரைச் சக்கரமாக இருக்கிறது. முதல் டெமிகொட் சாகும்போது அது முழு வட்டமாக வந்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் செத்ததால் பாதி பாதியாகப் பிரிந்தது என்று ஐட்டம் விவரத்தில் எழுதியிருக்கிறது. ரன்னிக்கு உடல் மட்டும் செத்தது. கொட்வினுக்கு ஆன்மா மட்டும் செத்தது. தெய்வ வாக்கைச் சொல்லும் இரட்டை விரல்களின் பிடியில் இருக்க மாட்டேன் என்றுதான் மரண ரூனைக் களவெடுத்து என் உடலையே கொன்றேன் என்று அவளே வாய் திறந்து சொல்கிறாள். நோக்கம், கருவி, ஒப்புதல் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பாரம் அசூலா என்ற இடத்தில் எங்களைத் தாக்க ஊடுருவி வரும் பெர்னால் என்ற வீரனைக் கொன்றால் கல் நகம் ஒன்று விழும். சதி நடந்த இரவில் ரன்னி அதை ரைக்கார்டுக்குக் கொடுத்தாள், பின்னொரு நாள் மலிகெத்தை எதிர்க்க வேண்டிவந்தால் கைகொடுக்கட்டும் என்று. அதாவது, அந்த இரவோடு சேர்த்து ஒரு கூட்டாளியைக் கேம் பெயர் சொல்லியே காட்டுகிறது. அது ரன்னியின் கூடப்பிறந்தவன் ரைக்கார்ட். மரிகா அல்ல.

இனி நான் சொல்ல வந்த விசயம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் நட்ட, வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் கல் எங்கள் எல்லாருக்கும் தெரியும். 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனை இவ்விடத்துக்கு அண்மையில் தோற்கடித்தார் என்பதுதான் அதன் சாரம். வென்றவர்கள் தங்கள் மொழியில் எழுதி நட்ட கல் அது. ஒக்டோபரைச் சொல்கிறது. அதே வருசம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியனிடம் விழுந்ததைச் சொல்லவில்லை. அவன் அன்றைக்கே செத்தானா, தப்பினானா என்று அதில் இல்லை. யார் காட்டிக்கொடுத்தது என்றும் இல்லை.

ஆனால் திருவிழாவில் நாடகம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை மனப்பாடம்: காக்கை வன்னியன். அந்தப் பெயரைப் பழைய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையில் தேடிப் பாருங்கள். அங்கே அவன் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியருக்குக் (போர்த்துக்கீசருக்கு) காட்டிக்கொடுத்தவன். யாழ்ப்பாணம் பறங்கியர் கைக்குப் போனது 1619இல். ஏறக்குறைய இருநூறு வருசம் முந்திய துரோகம் 1803க்குள் வந்து குந்திவிட்டது. தோல்வி பெரியது, அதற்குத் தக்க துரோகி ஒருவன் வேண்டும், பழைய பெயர் ஒன்று சனத்தின் வாயில் ஏற்கெனவே இருந்தது.

மரிகாவுக்கும் இதுதான் நடக்கிறது என்பது என் வாதம். அவள் துரோகம் செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. ரிங்கை உடைத்தவள் அவள். அந்தத் துரோகத்தைப் பின்னுக்கு இழுத்துக் கறுப்புக் கத்தி இரவுக்குள் வைத்தது ரசிகர்களாகிய நாங்கள்.

பாலைப்பழம்:

அண்ணை, கல் என்றதும் எனக்கு வாள் நினைவுக்கற்கள்தான் ஞாபகம் வந்தன. நிலத்தில் குத்திய வாள் மாதிரி நாடு முழுக்க நிற்கின்றனவே, அவை. ஓடுகிற ஓட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நின்று வாசிப்பதில்லை. ஏயோனியாவில் ரடான், மலேனியா என்ற இரண்டு டெமிகொட்களும் வெற்றி தோல்வி இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றதும், அப்புறம் செவ்வழுகல் என்ற நோய் மலர்ந்ததும் ஒரு கல்லில் இருக்கிறது. ரடான் தனியாளாக நின்று செலியாவைக் காத்தது இன்னொன்றில். லியூர்னியாப் போர் ரன்னியின் பெற்றோரான ரடகன் ரெனாலா கலியாணத்தில் முடிந்தது வேறொன்றில். ஒவ்வொன்றும் இரண்டு வரிதான். ஒன்றிலும் வருசம் கிடையாது. கற்சிலைமடுக் கல்லிலாவது நாளும் மாதமும் வருசமும் இருக்கின்றன. இங்கே எது முந்தி, எது பிந்தி என்று நாங்களே கோர்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் இடமாற்றம் நடப்பதற்கு அதுவே போதும்.

கறுப்புக் கத்தி இரவுக்குக் கல்லும் இல்லை. போர்களுக்குத்தான் கல் நட்டிருக்கிறார்கள்.

வவுனியா_மழைக்குருவி:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணை. ஆனால் உங்களுக்குச் சாதகமான மூன்றை வரிசையாக வைத்துவிட்டு, பாதகமானவற்றைத் தொடவே இல்லை. நான் தொடுகிறேன்.

முதலாவது, கொலையாளிகளின் கவசம். அன்றிரவு போனவர்கள் எல்லாரும் பெண்கள், மரிகாவோடு நெருங்கிய தொடர்புள்ள நியூமன் இனத்தவர்கள் என்று பேச்சு அடிபடுகிறது, இப்படித்தான் அதன் விவரத்தில் இருக்கிறது. ஊர்ப்பேச்சு என்று நீங்கள் தள்ளலாம். ஆனால் அந்தப் பேச்சு எங்களுடையது அல்ல, அந்த உலகத்துக்குள் இருக்கிற பேச்சு. கதை எழுதியவர்கள் தெரிந்துதான் அதை அங்கே வைத்தார்கள்.

இரண்டாவது, மலிகெத். மரிகாவின் நிழல் அவன். விதிக்கப்பட்ட மரணத்தை, அதாவது மரண ரூனைப் பூட்டிவைக்க மட்டும்தான் அவளுக்கு அவன் தேவைப்பட்டான், அப்படி இருந்தும் அவனுக்கு அவள் துரோகம் செய்தாள் என்று விவரத்தில் நேரடியாகவே வருகிறது. அதில் வதந்தி என்ற சாட்டு இல்லை. அவன் வாயாலும் கேட்கிறோம், மரிகா, ஏன் என்னை ஏமாற்றினாய் என்று. மலிகெத்துக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, மரண ரூனைக் காப்பது. அந்த வேலையில் அவனுக்குச் செய்த துரோகம் என்றால் களவைத் தவிர வேறு என்ன?

மூன்றாவது, சும்மா யோசித்துப் பாருங்கள். மலிகெத்தோடு நாங்கள் எல்லாரும் அடிபட்டிருக்கிறோம். அவன் தூக்கிவைத்திருந்த மரணத்தை ரன்னி தனியாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. உள்ளே இருந்து யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும்.

முத்தையன்கட்டு_வாய்க்கால்:

தங்கச்சி, நீங்கள் சொன்னதில் இரண்டாவதுதான் கனமானது. அதனால் அதையே எடுக்கிறேன்.

மலிகெத்துக்கு மரிகா துரோகம் செய்தாள், அதை ஏற்கிறேன். எப்போது செய்தாள் என்று விவரத்தில் இருக்கிறதா? இல்லை. அவன் புலம்பும் அதே மூச்சில் ஏன் உடைத்தாய் என்ற கேள்வியும் வருகிறது. உடைத்தது ரிங்கை. அதாவது அவன் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும் துரோகம் உடைப்போடு சேர்ந்தது. மலிகெத் மரணத்தைப் பூட்டி வைத்திருந்தது எதற்காக? மரணம் இல்லாத கோல்டன் ஓடர் (மரிகா நிறுவிய ஒழுங்கு) நிலைக்க வேண்டும் என்பதற்காக. களவு போனபிறகு இன்னொரு முறை போகக்கூடாது என்று வாளைத் தன் சதைக்குள்ளேயே கட்டிக்கொண்டான். இவ்வளவையும் அவன் செய்ய, எந்த ஓடருக்காகச் செய்தானோ அதையே அவள் சம்மட்டி எடுத்து அடித்தாள். இதைவிடப் பெரிய துரோகம் அவனுக்கு வேறு வேண்டுமா? களவு வரைக்கும் பின்னால் போக வேண்டிய தேவையே இல்லை.

கதவு திறந்த கதை பற்றி. ரன்னி தனியாள் அல்ல, ரைக்கார்ட் இருந்தான், கொலையாளிகள் இருந்தார்கள். கரியன் மந்திரமும் அவள் கையில் இருந்தது. காவல்காரன் பெரியவன் என்பதால் களவுக்கு வீட்டுக்காரியும் உடந்தை என்று முடிவு கட்ட முடியாது.

நந்திக்கடல்_இறால்:

அண்ணை, அக்கா, நான் இப்போதுதான் முதல்முறை விளையாடுகிறேன், கதை தெரிந்தாலும் பரவாயில்லை. கொட்வினின் ஆன்மா மட்டும் செத்தால் உடலுக்கு என்ன நடந்தது? ஸ்டோம்வெயில் கோட்டைக்கு அடியில் பெரிய முகம் ஒன்று இருந்ததே, அதுவா?

பாலைப்பழம்:

அதுதான் தம்பி. உடலை எர்ட்ட்ரீ என்ற பெரும் பொன்மரத்தின் வேரடியில் புதைத்தார்கள். உயிர் போகாத வெறும் உடல், வேரோடு வேராகப் பரவிக்கொண்டே போகிறது. நீ பார்த்த முகம் அப்படி முளைத்ததுதான். எலும்புக்கூடுகள் செத்தும் திரும்ப எழும்புவதற்கும் அவனிடமிருந்து பரவிய மரண வேர்தான் காரணம். ஆழ்வேர்ப் பகுதிக்குப் போகும்போது முழு உடலையும் பார்ப்பாய்.

அவனுக்காகச் செய்த வாள் ஒன்றும் இருக்கிறது. அண்ணா, தயவுசெய்து உண்மையான சாவு சாகுங்கள் என்ற ஒரு சின்னப் பையனின் வேண்டுதலை அதில் ஏற்றியிருக்கிறார்கள். கொட்வினின் தம்பி மிக்கெல்லாதான் அந்தப் பையன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொட்வினை யார் கொன்றது என்று இவ்வளவு அடிபடுகிறோம், அவனுக்காக அழுதவன் அந்த ஒரு தம்பிதான்.

இரணைமடு_அலை:

நியூமன் விசயத்துக்குத் திரும்பி வருகிறேன். 2022இல் கேம் வந்தபோது இருந்த நிலை வேறு, 2024 ஜூனில் டிஎல்சி வந்தபிறகு வேறு. முதலில் எங்களிடம் இருந்தது என்ன? நியூமன் வேற்றுலகில் இருந்து வந்தவர்களின் வழியினர், ஆயுள் நீண்டது, பிறப்பு அரிது. ரிங்கை உடைத்த சம்மட்டியும் அவர்கள் நாட்டில் செய்தது. சரி, மரிகாவும் அந்த இனம், கொலையாளிகளும் அந்த இனம், கணக்கு முடிந்தது என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

டிஎல்சியில் மரிகாவின் ஊருக்கே போகிறோம். ஷாமன் கிராமம். இசை மெதுவாகிறது, பூக்கள், ஆளில்லாத வீடுகள், நடுவில் சின்ன எர்ட்ட்ரீ ஒன்று. அடிக்க ஒரு எதிரியும் இல்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு நடந்ததை அதற்கு முந்தி பொனி கிராமத்தில் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம். ஹோர்ன்சென்ட் என்ற கொம்புள்ள இனத்து ஆட்கள் அவர்களை வெட்டி, குற்றவாளிகளின் சதையோடு சேர்த்துச் சாடிக்குள் அடைத்தார்கள். ஊரில் இருக்கும் பாட்டி சிலைக்கு மரிகா தன் பின்னலை அறுத்துக் காணிக்கை வைத்திருக்கிறாள். அவள் என்ன வேண்டினாள், எதை ஒப்புக்கொண்டாள் என்று பதில் சொல்ல அங்கே யாரும் மிச்சம் இல்லை, அவளும் பிறகு ஊர் திரும்பவே இல்லை என்று அந்தப் பின்னலின் விவரத்தில் எழுதியிருக்கிறது. இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, வளவுக்குள் பற்றை மண்டிக் கிடந்ததைப் பார்த்த எங்களுக்கு அந்த ஊரை விளக்கத் தேவையில்லை. நான் அங்கே கன நேரம் நின்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரிகாவின் சொந்தப் பெண்கள் என்று யாரும் மிஞ்சியிருந்தார்களா என்பதே இப்போது கேள்வி. மிஞ்சிய ஒருசில பேர் இருந்தால் அவர்களைக் கத்தியோடு தன் பிள்ளையிடமே அனுப்புவாளா? தன் மகன் மெஸ்மரைக் கொண்டு ஹோர்ன்சென்ட் நாட்டையே எரித்தவள் அவள், ஈவு இரக்கம் இல்லாதவள்தான். ஆனால் அந்த நெருப்பு போன திசை வேறு.

வவுனியா_மழைக்குருவி:

இரணைமடு, அந்த ஊரைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் மரிகா பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன வார்த்தையை எங்கள் வழித்துணை மெலினா எங்களுக்குச் சொல்கிறாளே. அரசனாகுங்கள், தெய்வமாகுங்கள், ஒன்றுமே ஆகாவிட்டால் கைவிடப்படுவீர்கள், பலியாகத்தான் மிஞ்சுவீர்கள் என்கிறாள். இப்படிப் பேசிய தாய் பிள்ளையைப் பலி கொடுக்க மாட்டாள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தன் முதல் கணவன் கோட்ஃபிரியையும் அவன் வீரர்களையும் அருள் பறித்துக் கடல் கடத்தியவள். கோல்டன் ஓடரின் ஆழத்தைத் தேடப்போகிறேன் என்று அறிவித்தவள். உடைப்பு ஒரு நாள் கோபம் அல்ல, நீண்டநாள் திட்டம். அந்தத் திட்டத்துக்கு மரணம் திரும்பி வருவது அவசியம். ரன்னிக்கு உடலைக் கழற்ற மரணம் தேவைப்பட்டது, மரிகாவுக்கு ஓடரைக் கழற்ற மரணம் தேவைப்பட்டது. இருவருக்கும் ஒரே சாமான் தேவைப்படும்போது ஒருத்தி களவெடுக்க மற்றவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்பதில் என்ன பிழை?

முத்தையன்கட்டு_வாய்க்கால்:

கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்பதும் அனுப்பினாள் என்பதும் ஒன்றல்ல. போன கிழமை அந்தத் தம்பிக்குச் சொன்னது அனுப்பினாள் என்று. நீங்கள் இப்போது சொல்வது அதைவிடச் சின்ன வாதம், அதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். தன் மறுபாதியான ரடகனிடம் மரிகா சொல்லும் வார்த்தை: நீ இன்னும் நானாகவில்லை, இன்னும் தெய்வமாகவில்லை, இருவருமாக உடைவோம் என்று. உடைக்கும் விருப்பம் அதில் வெளிச்சமாக இருக்கிறது. கொட்வினின் பெயர் இல்லை, கத்தி இல்லை, ரன்னி இல்லை. மரிகாவின் வார்த்தைகளாக இத்தனை வரிகளை மெலினா வாயால் கேட்கிறோம், ஒன்றிலாவது அந்த இரவு வருகிறதா? செய்தவள் ரன்னி ஒளிக்காமல் சொல்கிறாள். மரிகா எதையும் ஒளிக்கிற ஆள் அல்ல, எல்லாவற்றையும் அறிவித்துவிட்டுத்தான் செய்தாள்.

பாலைப்பழம்:

ஒரு கேள்வி இரண்டு பக்கத்தாருக்கும். கொலையாளிகளின் தலைவி அலெக்டோவை அடைத்து வைத்திருக்கும் சிறை எங்கே இருக்கிறது? நிலவொளிப் பலிபீடத்தில். ரன்னியின் கதையைக் கடைசிவரை கொண்டுபோய், அழுகல் ஏரி தாண்டி, அஸ்டெலைக் கொன்றால்தான் அந்த மேட்டுக்கே ஏற முடியும். வேலை வாங்கிய ரன்னியே தன் ஆளை அங்கே அடைத்தாளா, வாயை மூட? அப்படியென்றால் அண்ணை சொல்வதுதான் சரி. மரிகா ஏவிய ஆள் என்றால் ரன்னியின் முற்றத்தில் எதற்கு?

வவுனியா_மழைக்குருவி:

நல்ல கேள்வி, ஆனால் அந்த மாதிரிச் சிறைகள் நாடு முழுக்க இருக்கின்றன. லியூர்னியாவிலேயே நெருப்புக் களவெடுத்த அடானை ஒன்றில் பூட்டியிருக்கிறார்கள், கரியன் வீரன் போல்ஸை இன்னொன்றில். கரியன் வீட்டாரின் சிறை என்றால் அவர்களுடைய வீரனே ஏன் உள்ளே இருக்கிறான்? ஆகவே இடத்தை வைத்து ரன்னிதான் பூட்டினாள் என்று சொல்ல மாட்டேன். பழிவாங்க வந்த வேறு யாரோ பூட்டியிருக்கலாம். கொட்வினின் ஆட்களாகவும் இருக்கலாம்.

முத்தையன்கட்டு_வாய்க்கால்:

கொட்வினின் ஆட்கள் என்ற கோணத்தை யாரும் இதுவரை எடுத்ததாக நான் காணவில்லை. அலெக்டோவின் மகள் டீஷேயின் சாம்பலும் அதே சிறையில்தான் கிடைக்கிறது. தாயையும் மகளையும் சேர்த்து யார் துரத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். தலைநகரைச் சுற்றி நிற்கும் கறுப்புக் கத்திக்காரிகளின் இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். தங்கச்சி, நீங்கள் லியூர்னியாப் பக்கத்தைப் பார்த்தால் நல்லது.

நந்திக்கடல்_இறால்:

அண்ணை, நானும் பார்க்கட்டுமா? கத்தித் தடம் இப்போது என் கையில் இருக்கிறது, இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.

வவுனியா_மழைக்குருவி:

கட்டாயம் பார் தம்பி. தடத்தை முதலில் ரொஜியேயிடம் கொடு, பிந்தாதே, அவன் அதிக காலம் இருக்க மாட்டான். கொடுத்துவிட்டு ஒருக்கால் இளைப்பாறிவிட்டுத் திரும்பப் போய்க் கதை, அப்போதுதான் ரன்னியின் பெயர் வரும். வாடிய கத்தி என்று ஒன்றை ஃபியா என்ற பெண் தந்தால், டீ என்ற வீரன் சாவதற்கு நீ தயார் என்றால் மட்டும் அவனிடம் அதைக் கொடு. ரொஜியே சொல்வதை ஒரு வரியும் விடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கேயே போடு.